பியூஜினும் அவருடைய தேவாலயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியூஜின் யார்?

முழுப்பெயர் அகஸ்டஸ் வெல்பி நார்த்மோர் பியூஜின். 1812 மார்ச் 1 அன்று லண்டனில் பிறந்தார்; 1852 செப்டம்பர் 14 அன்று, நாற்பது வயதில், ராம்ஸ்கேட் கடற்கரையில் தன் கையால் வரைந்த வீட்டில் இறந்தார். கோத்திக் என்பது கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலை. இங்கிலாந்தில் அது மீண்டும் உயிர்பெற்றதற்கு முதல் காரணம் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் இவரைத்தான் சொல்ல வேண்டும். தேவாலயத்தின் சுவரும் கூரையும் மட்டும் அவர் வேலை இல்லை. தரை ஓடு, கதவுக் கீல், சன்னல் கண்ணாடி, பூசைக் கிண்ணம், குருக்களின் உடை, பீட விரிப்பு என்று உள்ளே கண்ணில் படுகிற எல்லாவற்றையும் அவரே வரைந்தார்.

முறையாகக் கட்டடக்கலை படித்தவரா?

இல்லை. அப்பா அகஸ்ட் சார்ல்ஸ் பியூஜின் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய வரைவாளர். ஜான் நாஷ் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். வீட்டிலேயே வரைபடப் பள்ளியும் நடத்தினார். பழைய கோத்திக் கட்டடங்களை அளந்து வரைவதுதான் அங்கே பாடம். பையனுக்குக் கை அப்படித்தான் பழகியது. 1827-ல், பதினைந்து வயதில், விண்ட்சர் அரண்மனைக்கு நாற்காலி மேசைகள் வரைந்து கொடுத்தான். பிறகு நாடக மேடைக்குத் திரையும் அரங்கும் அமைத்தார். மர, கல் செதுக்கு வேலைக்குச் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கி, கடன்பட்டு மூடினார். தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிய காலம் அது இல்லை. ஆனால் தச்சனும் கல்தச்சனும் ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்பது அவருக்குக் கைத்தெளிவாகத் தெரிந்திருந்தது. பிற்கால வேலை முழுவதும் அந்த அறிவின் மேல்தான் நிற்கிறது.

கத்தோலிக்கராக மாறியதற்கும் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1829-ல் பிரிட்டனில் கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகளில் பெரும்பகுதி நீங்கியது. அதுவரை ஒதுங்கி வழிபட்டவர்கள் இனி வெளிப்படையாகத் தேவாலயம் கட்டலாம். 1835 அளவில் பியூஜின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இடைக்காலக் கட்டடம் அழகாக இருந்ததற்குக் காரணம் அதைக் கட்டிய சமூகத்தின் நம்பிக்கையும் வழிபாடும்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதனால் கோத்திக் அவருக்குப் பல பாணிகளில் ஒன்று இல்லை. கிறிஸ்தவத்துக்கு உரிய ஒரே கட்டடக்கலை அதுதான். இந்தப் பிடிவாதத்தை ஏற்க வேண்டியதில்லை. ரோமில் உள்ள பெரும்பாலான தேவாலயங்கள் கோத்திக் இல்லை என்று அவர் காலத்துக் கத்தோலிக்கர்களே எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாமல் இவ்வளவு வேலை நடந்திருக்காது.

அவர் சொன்ன “இரண்டு விதிகள்” எவை?

1836-ல் ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். இடைக்காலக் கட்டடம் ஒரு பக்கம், தன் காலத்துக் கட்டடம் மறுபக்கம் என்று எதிரெதிரே படம் வரைந்து காட்டும் நூல். அது சண்டைக்கு அழைப்பு. உண்மையான பாடம் 1841-ல் வந்த ‘ட்ரூ பிரின்சிபிள்ஸ்’ என்ற நூலில் இருக்கிறது. முதல் விதி: வசதிக்கோ, கட்டுமானத்துக்கோ, இடத்தின் தகுதிக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் இருக்கக்கூடாது. இரண்டாவது விதி: அலங்காரம் என்பது கட்டுமானத்துக்கு அவசியமான உறுப்பை அழகுபடுத்துவதாக இருக்க வேண்டும், அலங்காரத்துக்காகத் தனியாக ஓர் உறுப்பைக் கட்டக்கூடாது.

இவற்றோடு இன்னொன்றும் சொன்னார். கல்லை வேலை செய்யும் முறை வேறு, மரத்தை வேலை செய்யும் முறை வேறு, இரும்புக்கு வேறு. வடிவம் அந்தப் பொருளுக்கு ஏற்ப மாற வேண்டும். இரும்பில் வார்த்துக் கல் நிறம் பூசிய சன்னல் சட்டம் அவருக்குப் பொய்.

இந்த விதிகளைக் கட்டடத்தில் எங்கே பார்ப்பது?

முதலில் கதவுக்குப் போங்கள். அகலமான, கனமான மரக்கதவு தன் எடையாலேயே கீழே தொங்கப் பார்க்கும். பலகைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும். அதைத் தடுக்கக் கீலின் இரும்புப் பட்டை கதவின் குறுக்கே நீண்டு எல்லாப் பலகைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பியூஜின் அந்தப் பட்டையை மறைக்கவில்லை. கொடியாகவும் இலையாகவும் விரித்துக் கதவு முழுக்கப் படரவிட்டார். ஒவ்வொரு கிளையும் ஒரு பலகையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு ஆணித்தலையும் ஒரு பூ. கட்டையினுள் ஒளித்துவைக்கும் சிறிய கீல்கள் விரைவில் தளர்ந்துவிடும் என்பது அவருடைய குற்றச்சாட்டு. எந்தத் தச்சரும் இதை ஒப்புக்கொள்வார்.

அடுத்து உதைசுவர். கல் வளைவுக் கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் உதைசுவர் வாங்கிக்கொள்கிறது. அதன் உச்சியில் உள்ள கூர்மையான கல் சிகரம் வெறும் அழகு இல்லை: மேலிருந்து எடை அழுத்தினால் உதைசுவர் சாய்வதற்கு எதிராக உறுதி கூடும், மழைநீரும் வழிந்து ஓடும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் அங்கே இதே உதைசுவர்களைக் கட்டி, அவற்றுக்கு முன்னால் உயரமான வெற்றுச் சுவர் எழுப்பி மறைத்தார். கட்டடத்தின் பாதி, மறு பாதியை மறைப்பதற்காகவே கட்டப்பட்டிருக்கிறது என்பது பியூஜினின் வாதம்.

கூரைச் சரிவையும் பாருங்கள். மழையும் பனியும் விழும் நாட்டில் சரிவு செங்குத்தாக இருந்தால் நீர் தேங்காது. சன்னலுக்கு மேலும் சுவரின் நடுவிலும் ஓடும் கல் வரிகளின் மேல்பக்கம் சாய்வாகவும், அடிப்பக்கம் உள்ளே குடைந்தும் இருக்கும். நீர் சுவரோடு ஒட்டி இறங்காமல் அந்த விளிம்பிலிருந்து சொட்டிவிடும். பழுதுபார்ப்பின்போது இந்தக் குடைவைச் சிமென்ட் வைத்து அடைத்தால் கீழே உள்ள கல் நனைந்து உதிரும். கண்ணாடித் துண்டுகளைப் பிடிக்கும் ஈயப்பட்டை உருவத்தின் வெளிக்கோடாகவே போகும். முகத்தின் குறுக்கே வெட்டாது.

சுவர்த்தாளிலும் இதே கண்டிப்புதான். கோத்திக் சிகரங்களை நிழலோடு வரைந்த தாள்கள் அன்று சந்தையில் விற்றன. சுவர் தட்டையானது, அதில் ஆழம் காட்டுவது பொய். அதோடு, அறையில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வர, தாளிலுள்ள நிழல் வேறு பக்கம் விழும். அதனால் அவருடைய வடிவங்கள் எல்லாம் தட்டையான இலையும் பூவும்தான்.

அவர் திட்டப்படி ஒரு தேவாலயத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பலிபீடம் கிழக்கே. மக்கள் நிற்கும் நடுக்கூடம், இருபுறமும் தூண் வரிசைக்கு அப்பால் பக்கக்கூடங்கள். தெற்கே முன்வாசல் மண்டபம். ஞானஸ்நானத் தொட்டி வாசலருகே, ஏனென்றால் திருச்சபைக்குள் நுழைவது அதன் வழியாகத்தான். பீடப்பகுதி தனி அறை போல நீண்டு, நடுக்கூடத்தைவிடத் தாழ்ந்த தனிக் கூரையோடு வெளியிலிருந்தே தெரிய வேண்டும். அதன் தெற்குச் சுவரில் குருக்கள் அமர மூன்று கல் இருக்கைகள். பக்கத்தில் கை கழுவிய நீர் போகச் சிறு கல் குழி. வடக்கே புனித வாரத்துக்குரிய கல்லறை மாடம். நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே சிலுவைத் திரை.

ஒவ்வோர் உறுப்பும் வெளியே தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதே இதில் முக்கியம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே நிற்பவர் கூரைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்து முன்னால் தூண் வைத்த அந்தக் காலத்துத் தேவாலயங்களுக்கு இது நேர் எதிர்.

சிலுவைத் திரைக்காக அவ்வளவு சண்டை ஏன்?

செதுக்கிய மரத்தாலோ கல்லாலோ ஆன, ஊடே பார்க்கக்கூடிய தடுப்பு அது. மேலே சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து, இருபுறமும் மாதாவும் அருளப்பரும். புனித இடத்துக்கு மரியாதை வேண்டும், அதைத் திரைதான் தருகிறது என்றார் பியூஜின். மக்கள் பீடத்தைப் பார்க்க வேண்டும், நற்கருணை ஆசீர் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். கத்தோலிக்கராக மாறிய அறிஞர் ஜான் ஹென்றி நியூமனும் அவரைச் சேர்ந்த ஆரட்டரி என்ற குருக்கள் சபையினரும் இத்தாலிய முறையை விரும்பினார்கள். 1840-களின் கடைசியில் இந்த வாக்குவாதம் கசந்துபோனது. பியூஜின் 1851-ல் திரைகளைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார்.

பயன்பாட்டுக் கணக்கில் எதிர்த்தரப்பின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆனால் திரையை எடுத்த இடங்களில் வேறொரு சிக்கல் வந்தது. பீடப்பகுதியின் ஆழமும் மங்கிய வெளிச்சமும் திரைக்குப் பின்னால் பார்ப்பதற்கென்று கணக்கிடப்பட்டவை. திரை போனால் அது வெறும் நீண்ட இருட்டறை. பர்மிங்காம் செயின்ட் சாட் தேவாலயத்தின் திரை 1967-ல் அகற்றப்பட்டு, ரெடிங் நகரில் ஓர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) தேவாலயத்துக்குப் போய்விட்டது.

உதவியாளர் படை இல்லாமல் இவ்வளவு வேலை எப்படி முடிந்தது?

அலுவலகமும் எழுத்தர்களும் வைத்துக்கொள்ளவில்லை. நான்கு பேரை நம்பினார். கட்டுவது ஜார்ஜ் மையர்ஸ். உலோக வேலையும், 1845 முதல் வண்ணக் கண்ணாடியும் பர்மிங்காம் ஜான் ஹார்ட்மேன். தரை ஓடு ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன். சுவர் வண்ணமும் மரச்சாமானும் லண்டன் ஜே. ஜி. கிரேஸ். சிறிய தாளில் வேகமாக வரைந்து தபாலில் அனுப்புவார். அந்த நால்வருக்கும் அவர் கை பழக்கமாகிவிட்டதால், இலையின் நுனி எப்படி மடங்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்த ரயில் பாதைகள் ஒரே வாரத்தில் பல ஊர் வேலைகளைப் பார்க்க உதவின. ஹார்ட்மேனின் உறவினரான ஜான் ஹார்ட்மேன் பவல் ராம்ஸ்கேட்டிலேயே தங்கிக் கண்ணாடிக்கான பெரிய வரைபடங்களைத் தயாரித்தார். பின்னாளில் பியூஜினின் மூத்த மகளை மணந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. இந்த நால்வரும் இல்லாத இடத்தில் வரைபடம் மட்டும் போனால் வேலை தரம் குறைந்தது. அயர்லாந்தில் இது பல முறை நடந்தது.

அந்தத் தரை ஓடுகளை எப்படிச் செய்தார்கள்?

மேலே நிறம் பூசிய ஓடு இல்லை. வடிவம் ஓட்டின் உடம்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அதனால் காலடியில் தேய்ந்தாலும் நெடுங்காலம் அழியாது.

முதலில் வடிவம் புடைப்பாக உள்ள பாரிஸ் சாந்து அச்சில் மென்மையான களிமண்ணை அழுத்துவார்கள். முகத்துக்கு நேர்த்தியான மண், நடுவில் கொஞ்சம் கரடான மண், அடியில் மறுபடி நேர்த்தியான மண். இருபக்கமும் ஒரே மண்ணாக இருந்தால் காயும்போது ஓடு வளையாது. அச்சிலிருந்து எடுத்தால் வடிவம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை நிரம்பி வழிய ஊற்றுவார்கள். குழம்பு இறுகியதும் மேல்பரப்பைத் தட்டையான கத்தியால் சீவினால் இரண்டு நிறமும் சுத்தமாகப் பிரிந்து தெரியும். பிறகு வாரக்கணக்கில் நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவது. அளவு பொதுவாக ஆறு அங்குலச் சதுரம், ஓர் அங்குலத்துக்கு நெருங்கிய கனம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். இரண்டு மண்ணும் காயும்போதும் சுடும்போதும் ஒரே அளவு சுருங்க வேண்டும். குழம்பு அதிகமாகச் சுருங்கினால் ஓரத்தில் விரிசல் விட்டு வடிவம் பெயர்ந்து விழும். உடம்பு அதிகமாகச் சுருங்கினால் ஓடே வெடிக்கும். அவசரமாக உலர்த்தினாலும் இதுதான். மின்டன் இந்தக் கலவையைச் சரிக்கட்ட 1830-களில் பல ஆண்டு நட்டத்தோடு உழைத்தார்.

ஒரே ஒரு தேவாலயம் பார்க்க முடியும் என்றால்?

ஸ்டாஃபர்ட்ஷயரில் சீடில் ஊரிலுள்ள செயின்ட் ஜைல்ஸ். 1841-ல் தொடங்கி 1846-ல் திறக்கப்பட்டது. செலவு செய்தவர் பதினாறாவது ஷ்ரூஸ்பரி பிரபு ஜான் டால்பட். பணத் தட்டுப்பாடு இல்லாமல் பியூஜின் நினைத்தபடி முடிந்த மிகச் சில கட்டடங்களில் இது ஒன்று. மணற்கல்லும் வெண்மையான அலபாஸ்டர் கல்லும் பிரபுவின் நிலங்களிலிருந்தே வந்தன. கோபுரத்தின் மேல் எழும் கூர்முடியின் உச்சி 200 அடி. சிறிய ஊரின் எந்தத் தெருவிலிருந்தும் தெரியும். மேற்குக் கதவில் டால்பட் குலச் சின்னமான சிங்கம் சிவப்புப் பின்னணியில் பொன்னிறத்தில் நிற்கிறது. அதன் உடம்பே கீல் பட்டையின் பகுதி.

உள்ளே வண்ணம் படாத சுவரோ தூணோ இல்லை. 1844-ல் பியூஜின் பாரிஸ் சென்றபோது செயின்ட் ஷாப்பெல் ஆலயத்தைப் பழைய வண்ணத்தோடு புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் சீடிலுக்கு வண்ணம் இன்னும் கூடியது. பீடவளைவின் மேல் இறுதித் தீர்ப்பு ஓவியம், நற்கருணைச் சிற்றாலயத்துக்குப் பித்தளைக் கதவுகள், தரை முழுக்க மின்டன் ஓடு. நுழைந்தவுடன் எல்லாம் ஒன்றாகக் கண்ணைத் தாக்கும். கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு தூணை மட்டும் அடியிலிருந்து மேலே பார்த்துப் போங்கள், ஒழுங்கு புரியும்.

பர்மிங்காம் செயின்ட் சாட் ஏன் ஜெர்மன் தேவாலயம் போல இருக்கிறது?

அங்கே பணம் குறைவு, இடம் சரிவு. அதனால் வட ஜெர்மனியின் செங்கல் கோத்திக் முறையை எடுத்துக்கொண்டார்: உயரமான செங்கல் சுவர், மெலிந்த இரட்டைக் கூர்முடி, நடுக்கூடத்தையும் பக்கக்கூடங்களையும் சேர்த்து மூடும் ஒரே செங்குத்தான கூரை. சரிவான நிலத்தைச் சமன்செய்யக் கீழே நிலவறை. 1839-ல் தொடங்கி 1841-ல் அபிஷேகம் ஆனது. 1940 நவம்பர் 22 அன்று விழுந்த குண்டு கூரையைத் துளைத்து வெப்பக் குழாயை உடைத்தது. அதிலிருந்து பீறிட்ட நீரே தீயை அணைத்தது. கூரைப் பலகை ஒன்றில் அந்தத் தேதியோடு “இறைவனுக்கு நன்றி” என்று லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவருடைய பல தேவாலயங்கள் ஏன் மெலிவாக, முடிவுறாமல் தெரிகின்றன?

பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர் வாழும் பங்குகளுக்காக, அதாவது திருச்சபை வட்டாரங்களுக்காகக் கட்டப்பட்டவை. கேட்டது பெரிய இடம். கொடுத்தது சிறிய தொகை. கோபுரம் பிறகு என்று ஒதுக்கப்பட்டது, அந்தப் “பிறகு” வரவில்லை. லண்டன் சதர்க் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1848-ல் கூர்முடி இல்லாமலே திறக்கப்பட்டது. 1941-ல் குண்டு விழுந்து எரிந்தபின் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது. நல்ல பொருள்களை எண்ணி, நல்ல பொருள்களைக் கற்று, நல்ல பொருள்களை வரைந்து, கடைசியில் மிக எளியவற்றையே கட்டி முடித்ததாக 1850-ல் அவரே எழுதினார். அவரை மதிப்பிடும்போது இதை மனத்தில் வைப்பது நியாயம். குறைந்த பணத்தில் அவர் சுவரின் கனத்தைக் குறைத்தார், செதுக்கைக் குறைத்தார், அமைப்பைக் குறைக்கவில்லை.

பிற்காலத் திருத்தமும் கெடுதல் செய்தது. அயர்லாந்தின் கில்லார்னி பேராலயத்தில் 1970-களில் உட்பூச்சு முழுவதையும் உரித்துக் கரடான கல்லை வெளியே காட்டினார்கள். அந்தக் கல் பூச்சுக்கு அடியில் இருப்பதற்காகவே அடுக்கப்பட்டது. இப்போது வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு, வண்ணத்துக்கு இடமில்லாமல் நிற்கிறது.

லண்டன் நாடாளுமன்றம் இவர் கட்டியதா?

1834 அக்டோபர் 16 அன்று பழைய கட்டடம் எரிந்தது. புதியதை வடிவமைப்பதற்கான போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் பேரி. மொத்த அமைப்பு அவருடையது. போட்டிக்கு வரைந்து கொடுத்ததும், 1844 முதல் உள்ளலங்காரம் முழுவதையும் வரைந்ததும் பியூஜின். 1847-ல் திறக்கப்பட்ட பிரபுக்கள் அவையின் அரியணை, பலகைகள், விளக்குகள், ஓடுகள் எல்லாம் அவர் கை. பிக் பென் மணிக்கூண்டின் தோற்றமும் அவருடையதே. பேரிக்காக அவர் செய்த கடைசி வேலை அது. அவர் வகித்த பதவியின் பெயரோ வெறும் மரச்செதுக்கு மேற்பார்வையாளர். 1867-ல் இருவருடைய மகன்களும் உரிமை யாருக்கு என்று அச்சில் மோதிக்கொண்டார்கள்.

இங்கிலாந்துக்கு வெளியே?

அயர்லாந்தில் எனிஸ்கார்தி, கில்லார்னி பேராலயங்களும் மேனூத் குருமடமும். ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது இன்னும் கவனிக்கத்தக்கது. நண்பர் ராபர்ட் வில்சன் டாஸ்மேனியாவின் ஆயராகப் போனபோது, வரைபடம் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே கிடைக்காது என்று பியூஜின் முன்கூட்டியே யோசித்தார். எனவே தேவாலயங்களின் சிறு மாதிரிகளையும், பார்த்துச் செதுக்குவதற்கான கல் மாதிரிகளையும் செய்து கப்பலில் அனுப்பினார். ஓட்லண்ட்ஸ், கோல்புரூக் ஊர்களின் சிறிய கல் தேவாலயங்கள் அப்படி உருவானவை.

சாந்தோம் போன்ற நம் கோத்திக் தேவாலயங்கள்?

அவருடையவை இல்லை. சாந்தோம் பேராலயம் இன்றைய வடிவில் கட்டப்பட்டது 1890-களில், அவர் இறந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு.

இறுதிக்காலம்?

மூன்று திருமணங்கள், எட்டுப் பிள்ளைகள். முதல் மனைவி பிரசவத்துக்குப் பின் 1832-லும், இரண்டாம் மனைவி 1844-லும் இறந்தார்கள். லண்டனில் நடந்த 1851 பெரும் கண்காட்சியில் அவர் அமைத்த ‘இடைக்காலக் கூடம்’ பெரிய பாராட்டு பெற்றது. அடுத்த ஆண்டு மனநிலை முற்றிலும் குலைந்து மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் மனைவி ஜேன் அவரை வீட்டுக்கு அழைத்துவந்த சில நாளில் உயிர் பிரிந்தது. மகன்கள் எட்வர்ட், பீட்டர் பால் இருவரும் அப்பாவின் தொழிலையே தொடர்ந்தார்கள்.

ராம்ஸ்கேட்டில் என்ன பார்க்கலாம்?

வீடும் தேவாலயமும் பக்கத்தில் பக்கத்தில். செயின்ட் அகஸ்டின் தேவாலயம் 1845-ல் தொடங்கியது. செலவு அவர் சொந்தப் பணம், கட்டளையிட வேறு யாரும் இல்லை. வெளியே உடைத்த சக்கிமுக்கிக் கல்லும் இடையிடையே மணற்கல் பட்டையும். உள்ளே யார்க்ஷயர் விட்பி கல். சீடிலின் வண்ணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே கல்லும் மரமும்தான் பேசும். சக்கிமுக்கிக் கல் நீரை உறிஞ்சாது, ஆகவே அதன் இணைப்பில் பழுதுபார்க்கும்போது சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்த வேண்டும். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். கூர்முடி கட்டப்படவே இல்லை. பியூஜின் கல்லறை உள்ளேதான். பக்கத்து வீடான ‘கிரேஞ்ச்’ 1843–44-ல் கட்டியது. கப்பல்களைக் கவனிக்க அதில் ஒரு கோபுரம் உண்டு. லேண்ட்மார்க் அறக்கட்டளை அதைச் சீரமைத்து, தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறது.